வால் முளைத்த மூக்கு

“இந்த நீலம் எங்க வரைக்கும் வரணும்? யாராவது ஒருத்தர் முடிவாச் சொல்லுங்க” என்று ஏணி மேலிருந்து கேட்டார் பெயிண்டர்.

திங்கட்கிழமை காலையிலிருந்து அவர் இதைக் கேட்பது எட்டாவது தடவை. இன்று செவ்வாய். சுவரில் பத்தடி உயரத்துக்கு ஒரு சுறாமீனின் மூளை வெறும் கோடாக நின்றுகொண்டிருந்தது. முன்னால் இரண்டு காம்பு, காம்பின் நுனியில் இரண்டு நாசிக் குமிழ், அதற்குப் பின்னால் உப்பிக்கொண்டு முன்மூளை. நாளை பதினோரு மணிக்கு விலங்கியல் துறையின் புதுக் காட்சிக்கூடத்தைத் திறக்கப்போகிறார்கள். மூக்கிலிருந்து கிளம்பும் வாசனைச் செய்தி மூளையில் எங்கெங்கே போய்ச் சேருகிறதோ அங்கெல்லாம் நீலம் அடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கடைப் பலகையும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதிப் பழகிய மனிதர், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் காத்திருந்தார்.

“முன்மூளை முழுக்க” என்றார் ஏணிக்கு இடது பக்கம் நின்ற பேராசிரியர்.

“பக்கவாட்டுல ஒரு பட்டை மட்டும்” என்றாள் வலது பக்கம் நின்ற அவர் மகள்.

இருவரும் பெயிண்டரிடம்தான் சொன்னார்கள். அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசி நான்கு மாதம் ஆகிறது.

இருவருக்கும் நடுவில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பேராசிரியரின் தங்கை. அந்தத் துறையில் ஸ்லைடு போடுவது அவள் வேலை. மூளையை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பாள். இருபத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே ஜன்னல். அவள் கழுவி வைத்த கண்ணாடியில் தூசு கண்டுபிடித்தவர்கள் யாரும் இல்லை. அதனால் துறை முழுக்க அவளுக்குப் பெயர் ‘சுத்தம்’. ஆசையாக வைத்த பெயர்தான். ஆனால் ஏதாவது சொதப்பினால் தலையில் கை வைத்துக்கொண்டு “சுத்தம்!” என்று சொல்கிறோமே, அதுவும் இதே சொல்தான். யார் எங்கே எதைப் போட்டு உடைத்தாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள், தன்னைக் கூப்பிடுகிறார்களோ என்று.

மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. எடுப்பான, கொஞ்சம் வளைந்த, அறைக்குள் ஆளுக்கு முன்னால் நுழைகிற மூக்கு. மாணவர்கள் அப்பாவைப் பெரிய மூக்கு என்றும் மகளைச் சின்ன மூக்கு என்றும் சொன்னார்கள். தன்னை என்ன சொல்கிறார்கள் என்று சுத்தம் விசாரித்ததில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு விவரம் உண்டு.

பேராசிரியரின் கொள்கை ஒரு வரியில் அடங்கும்: சுறா என்பது வால் முளைத்த மூக்கு. முதலில் மூக்குதான் இருந்ததாம். தன் வசதிக்காக மூக்கு முன்மூளையைக் கட்டிக்கொண்டதாம். பார்வை, யோசனை, பாட்டு, கணக்கு எல்லாம் ரொம்பப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டவையாம். அந்தப் பழைய வீட்டை அப்படியே பார்க்க வேண்டுமானால் சுறாவின் தலையைத் திறந்து பாருங்கள் என்பார். சொல்லும்போது தன் மூக்கை லேசாகத் தடவிக்கொள்வார். கை தட்டாத மாணவன் கிடையாது.

மற்ற ஊர்களில் இருந்த ஆய்வாளர்கள் இந்தக் கொள்கையை எப்போதோ மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். மூக்கிலிருந்து வரும் நரம்பு இழைகள் முன்மூளையில் கொஞ்ச இடத்துக்குத்தான் போகின்றன, மீதி இடத்துக்குக் கண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் செய்தி வருகிறது என்று வெவ்வேறு சுறாக்களில் பார்த்து எழுதிவிட்டார்கள். பேராசிரியர் அசையவில்லை. “அவங்க சுறா வேற, நம்ம சுறா வேற” என்றார். நம்ம சுறா என்று அவர் சொன்னது இந்தக் கரையில் அகப்படும், ஒரு முழ நீளம்கூட இல்லாத, கடலடியில் படுத்துக் கிடக்கும் சோம்பேறிச் சுறா ஒன்றை. அவருடைய புகழ்பெற்ற ஸ்லைடுகள் அதில் எடுத்தவை. அதில் முன்மூளை முழுக்கக் கறுப்புப் புள்ளி. அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

செய்தவள் மகள். அதே சோம்பேறிச் சுறாவைப் பிடித்து, அதன் நாசிக் குமிழில் ஒளிரும் சாயம் ஒன்றை வைத்து, அது போகும் வழியெல்லாம் பின்னாலேயே போனாள். சாயம் முன்மூளையின் ஓரத்தில் ஒரு பட்டை வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதோடு விடாமல் சுத்தியல் தலைச் சுறாவையும் திருக்கையையும் திறந்தாள். சுத்தியல் தலைக்கு முன்மூளை பெருத்துக் கிடந்தது. உடம்பு எடையோடு ஒப்பிட்டால் பறவைகளும் பாலூட்டிகளும் நிற்கும் வரிசையில் அதற்கும் இடம் கொடுக்கலாம். திருக்கை வேறு வழியாகப் போய்த் தனியாகவே தன் மூளையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. மூக்குக்காகத்தான் மூளை வளர்ந்தது என்றால் மூக்கின் பங்கும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. இதைத் துறைக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் படம் போட்டுச் சொன்னாள்.

பேராசிரியர் எழுந்தார். சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“என் ஸ்லைடு சுத்தம் போட்டது. என் தங்கச்சி கழுவின கண்ணாடியில தூசு இருக்காது. அவ கையில தப்பு வராது. உன் சாயத்துலதான் ஏதோ கோளாறு, போய்ப் பாரு” என்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுத்தம் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். பெருமையில் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு அத்தை வழியாகத்தான் போய் வந்தது. அண்ணன் வீட்டு மாடியில் அவள் இருப்பு, சாப்பாடு கீழே. “அத்தை, தண்ணி வேணுமான்னு உங்க சாரைக் கேளுங்க” என்பாள் மகள், சொம்பு அவர் கைக்கு அரை அடியில் இருக்கும்போது. “வேணாம்னு சொல்லு. மேடத்தோட தண்ணி நமக்குச் சரிப்படாது” என்பார் அவர். அண்ணி மட்டும் இந்த நாடகத்தில் நடிக்க மறுத்துவிட்டாள். “செத்த மீனோட மூளைக்காக உயிரோட இருக்கிற பொண்ணோட பேசாம இருக்கீங்களே, உங்களுக்கு அது இருக்கா முதல்ல?” என்று ஒருநாள் கேட்டாள். எது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் எல்லாருக்கும் குட்டியான மகளுக்கு வியாழக்கிழமை காலை ரயில். வேறொரு தேசத்தின் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷ வேலை. இப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் ஏறிவிட்டால் பிறகு மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷம் ஆனாலும் இரண்டு மூக்கும் இறங்கி வராது. இது சுத்தத்துக்குத் தெரியும். தன் வீட்டு மூக்குதானே. அதைவிட முக்கியமான இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்லைடுகளைச் செய்த நாள் அவளுக்கு மனப்பாடம். முறை இதுதான்: சுறாவின் ஒரு பக்க நாசிக் குமிழை வெட்டிவிட்டுச் சில வாரம் விட்டால், அதிலிருந்து மூளைக்குள் போகும் இழைகள் அழுகும். பிறகு மூளையைச் சீவி வெள்ளிக் கரைசலில் முக்கினால், அழுகின இழைகள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி எங்கே உண்டோ அங்கே மூக்கின் ஆள் வந்து போயிருக்கிறான் என்று அர்த்தம். வெள்ளிக்கு மட்டும் தண்ணீர் விஷயத்தில் பெரிய இடத்து மாப்பிள்ளையின் குணம். காய்ச்சி வடித்த தண்ணீர் தவிர வேறெதிலும் கை நனைக்காது. துளி உப்போ அழுக்கோ பட்டாலும் கண்ட இடத்தில் புள்ளி வைத்துவிடும்.

அன்று ஸ்லைடுகள் கழுவுத் தொட்டியில் இருக்கும்போது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. சுத்தம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், முன்மூளை முழுக்கப் புள்ளி. அதோடு போகவில்லை. மூளையே இல்லாத வெறும் கண்ணாடி விளிம்பிலும் புள்ளி இருந்தது. கண்ணாடிக்கு ஏது மூக்கு?

தான் தொட்டியில் விட்டுவிட்டுப் போனதால் வந்த வினை என்று அவளுக்குத் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம். அவமானமாக இருந்தது. அழுக்கு ஸ்லைடை வெளியே கொடுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே அவள் என்ன செய்யக் கூடாதோ அதைச் செய்தாள். பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வொரு ஸ்லைடின் விளிம்பையும் பளபளவென்று துடைத்தாள். புள்ளிகள் வெறும் அழுக்கு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி துடைப்பில் போய்விட்டது. கடைசி ஸ்லைடை மட்டும் துடைக்கக் கை வரவில்லை. அதை ஊசிநூல் டப்பாவில் போட்டு இழுப்பறையில் வைத்தாள். மறுநாள் அண்ணன் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுக் குதித்த குதியில் மேசையிலிருந்த டீ கொட்டியது. “பாத்தியா? மூக்கு எங்கெல்லாம் போயிருக்கு பாத்தியா?” என்று கத்தினார். முதல் நாள்தான் அப்பாவான மனிதரிடம் அவள் எதைச் சொல்வாள்? பிறகு சொல்லலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வருவதற்குள் அவர் புத்தகம் வந்துவிட்டது.

இப்போது அதே புள்ளிகள் பத்தடி உயரத்துக்கு நீலமாகச் சுவரில் ஏறப்போகின்றன.

செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்தாள். நேராகப் போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் நேராகச் சொன்னால் அண்ணன் நம்ப மாட்டார். குட்டிக்காகப் பொய் சொல்கிறாய் என்பார். அவருடைய வாயாலேயே வர வேண்டும். ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி மறைத்தாள். பேராசிரியர் அறைக்குப் போய் அவருடைய நுண்ணோக்கியில் வைத்தாள்.

“சார், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்றாள். துறைக்குள் அவர் சார்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, “இங்க நான் உனக்கு அண்ணன் இல்ல, சார்” என்று அவர் போட்ட சட்டம். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதை மீறியதில்லை.

பேராசிரியர் மூக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“யார் பண்ணினது இது?”

“ஏன் சார்?”

“ஏனா? கருமம். விளிம்புல பாரு, வெறும் கண்ணாடியில எல்லாம் புள்ளி. தண்ணி சரியில்ல. இதைப் போயி மூளைங்கறதா? எந்தக் கழுதை கழுவிச்சு இதை?”

“இதை வச்சு ஏதாவது முடிவு சொல்லலாமா சார்?”

“குப்பைத்தொட்டி எங்க இருக்குன்னு வேணா சொல்லலாம்.” அவருக்குத் தன் நகைச்சுவை பிடித்துப்போய் தானே சிரித்தார். “சின்ன மேடம் பண்ணினதா? அதான் பாத்தேன். இதை நம்பித்தான் நாற்பது பேர் முன்னால என்னை...”

சுத்தம் கையை நீட்டி வெள்ளைக் காகிதத்தை உரித்தாள். கீழே பழுத்துப்போன சீட்டு, மை மங்கிய எழுத்து. எழுத்து அவளுடையது, சுறா பேராசிரியருடையது. சுறா எண் மூன்று, வரிசை எண் எண்பத்தாறு, தேதி.

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, போக வழி தெரியாமல்.

“எண்பத்தஞ்சு வரைக்கும்தானே என்கிட்ட இருக்கு” என்றார் மெதுவாக.

“எண்பத்தாறு என்கிட்ட இருந்துச்சு. மத்ததுக்கெல்லாம் விளிம்பைத் துடைச்சிட்டேன். இதை மட்டும் துடைக்கல. கழுதை நான்தான் சார்.” தயார் செய்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் மறந்துபோயின. “குட்டி பொறந்த சேதி வந்ததும் தொட்டியில போட்டுட்டு ஓடிட்டேன். ரெண்டு மணி நேரம் ஊறிக் கெட்டுப்போச்சு. சொல்லப் பயம். உங்க மூளைப் படம் முழுக்க என் அழுக்கு.”

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. பேராசிரியர் சீட்டில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்தது. பள்ளிக்கூட நாளில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வரும்போது அண்ணனுக்கு இப்படித்தான் சிவக்கும். சுத்தத்துக்கு இது விசித்திரமாக இருந்தது, உடைத்தவள் அவளல்லவா?

“அன்னிக்கு விடிகாலையில...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“விடிகாலையில?”

“உங்க அண்ணிக்கு வலி வந்துடுச்சு. கார் கிளம்பல. பேட்டரியில தண்ணி வத்திக் கிடந்துச்சு. பேட்டரிக்கு வடிச்ச தண்ணிதானே ஊத்தணும்? வீட்டுக்குப் பின்னாலதானே துறை, ஓடி வந்தேன். கேன்ல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு.”

“எந்தக் கேன்?”

“உன் கேன்தான்.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன். காலையில வந்து காலிக் கேனைப் பாத்தா நீ கஷ்டப்படுவியேன்னு...” குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. “குழாயில பிடிச்சு நிறைச்சு வச்சேன்.”

அந்தக் காலையில் நிறைந்திருந்த கேனைப் பார்த்து, பாவம் ஸ்டோர்காரர் நல்ல மனிதர், கேட்காமலே நிரப்பியிருக்கிறார் என்று தான் சந்தோஷப்பட்டது சுத்தத்துக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு நன்றி வேறு சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல் முழித்தார்.

“அண்ணா!” என்று கத்தினாள்.

தாழ்வாரத்தில் நடமாட்டம் நின்றது. மாணவர்கள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். சுத்தம் கத்தி அந்தக் கட்டிடம் கேட்டதே இல்லை.

“இருபத்தேழு வருஷம் அண்ணா! யார் என்னைச் சுத்தம்னு கூப்பிட்டாலும் உள்ள கூசும். நீ கூட்டத்துல எழுந்து என் தங்கச்சி கை, என் தங்கச்சி கழுவினதுன்னு பேசறப்ப எழுந்து ஓடிடலாமான்னு இருக்கும். குழாய்த் தண்ணியை ஊத்தி வச்சிட்டு நீ பாட்டுக்கு இருந்திருக்க!”

“எனக்கு எங்க தெரியும்? கார் கிளம்பிச்சு, குட்டி பொறந்தா, கேனை அன்னிக்கே மறந்துட்டேன். இப்ப தேதியைப் பாத்ததும்தான்...” அவர் எழுந்தார். கூடவே கொள்கையும் எழுந்து நிற்கப் பார்த்தது. “ஆனா நீ சொன்ன மாதிரி ஊறிக் கெட்டதாக்கூட இருக்கலாம் இல்லையா? குழாய்த் தண்ணியால இவ்வளவு ஆகுமா? யோசிக்கணும்.”

“யோசிக்கவே வேணாம். வா” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். போகிற வழியில் காட்சிக்கூடக் கதவில் தலையை நீட்டி, “குட்டி, உன் மூக்கையும் எடுத்துட்டு வா” என்றாள்.

சுத்தத்தின் அறையில் ஒவ்வொரு புட்டியிலும் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். யார் எடுத்தார்கள், என்று, எதற்கு. எடுத்தவர் எழுதியே ஆக வேண்டும். மற்ற எல்லாரும் எழுதினார்கள். அண்ணன் மட்டும் ‘நான் எடுக்காம யார் எடுப்பா’ என்று சொல்லி எழுதாமல் விட்டுவிடுவார். அவள் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தாள். ஒன்றில் கேனிலிருந்து வடித்த தண்ணீர், இன்னொன்றில் தொட்டிக் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர். பழுப்புப் புட்டியிலிருந்து வெள்ளிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இரண்டிலும் விட்டாள். நடந்ததை மருமகளுக்கு இரண்டே வரியில் சொல்லி முடித்தாள்.

மூன்று மூக்கும் குழாய்களின் மேல் கவிந்தன. வடித்த தண்ணீர் தெளிவாக நின்றது. குழாய்த் தண்ணீர் கலங்கி, பால் ஊற்றினது போல வெளுத்து, அடியில் பொடியாகத் தங்க ஆரம்பித்தது. வெயில் பட்ட பக்கம் மெல்லக் கறுத்துக்கொண்டும் வந்தது.

“சுத்தம்!” என்றாள் மகள்.

அத்தை பழக்கதோஷத்தில் திரும்பினாள். “உங்களைச் சொல்லல” என்றாள் மகள், பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்களையும்தான்” என்றாள்.

“தொட்டியில ரெண்டு மணி நேரம்?” என்று பேராசிரியர் கேட்டார். கேள்வி யாருக்கென்று தெரியாமல் குழாயைப் பார்த்தே கேட்டார்.

“வடிச்ச தண்ணியா இருந்தா ரெண்டு நாள் கிடந்தாலும் விளிம்புல புள்ளி வராது” என்றாள் மகள், அவளும் குழாயைப் பார்த்து. பிறகு அத்தை பக்கம் திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது. “ஆனா அத்தை, அந்த எண்பத்தஞ்சையும் நான் எடுத்துப் பாத்திருக்கேன். அழுக்கா இருக்குமோன்னு விளிம்பைத்தான் முதல்ல பாத்தேன். பளிச்சுனு இருந்துச்சு. அப்ப புள்ளியெல்லாம் நிஜம், என் சாயம்தான் தப்புன்னு ரெண்டு வருஷம் அதையே திரும்பத் திரும்பப் பண்ணினேன். ரெண்டு வருஷம்.”

சுத்தத்துக்கு அது புதுச் செய்தி. தண்ணீர் அண்ணனுடையது என்று தெரிந்ததும் தோளிலிருந்து பாரம் இறங்கியதாக நினைத்தாள். பாதிதான் இறங்கியிருந்தது. “மன்னிச்சுடு குட்டி” என்றாள்.

மருமகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “தண்ணி ஊத்தினது அப்பா. துடைச்சது நீங்க. ரெண்டு பேரையும் ஓட வச்சது நான். சுறாவுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல, பாவம்.”

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் ‘அப்பா’ வந்ததை மூன்று பேரும் கவனித்தார்கள். யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பேராசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தேழு வருஷத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, புத்தகம், நாற்காலி, கைதட்டல் எல்லாம் அந்தப் பால் நிறக் குழாயின் அடியில் பொடியாகக் கிடந்தன. மூக்குடைபட்டவர்கள் கோபப்படுவதுதான் வழக்கம். அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதை அடக்கவும் தெரியவில்லை.

“அந்த ஒரு நாள்ல எனக்கு ரெண்டு கிடைச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்” என்றார். “ஒரு பொண்ணு, ஒரு கண்டுபிடிப்பு. ஒண்ணுதான் நிஜம் போல.”

மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க, பெயிண்டர் டப்பாவை மூடிட்டுப் போயிடப்போறார்.”

காட்சிக்கூடத்தில் பெயிண்டர் ஏணிப் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அப்பாவும் மகளும் ஏணிக்கு ஒரே பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்து அவசரமாக எழுந்தார்.

“நீலம்?”

“ஓரமா ஒரு பட்டை” என்றார் பேராசிரியர். கையால் காட்டினார். பட்டை கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. மகள் அவர் கையைப் பிடித்து இரண்டு விரல்கடை உள்ளே நகர்த்தினாள்.

“மிச்ச இடத்துக்கு?”

பேராசிரியர் மகளைப் பார்த்தார். நேராக, முகத்தை. “மிச்சம் என்ன கலர்?”

“தெரியாதுப்பா. கண்ணு பாக்கறது அங்க போகுது. மத்த மீனோட உடம்புல இருந்து வந்து தோல்ல படற மின்சாரம்கூடப் போகுது. எல்லாத்தையும் சேத்து வச்சு அது அங்க என்ன பண்ணுதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது.”

“அப்ப வெள்ளையா விட்டுடலாமா?” என்று கேட்டார் பெயிண்டர், நம்பிக்கையோடு. வேலை மிச்சம்.

“விட்டுடுங்க” என்றார்கள் இருவரும்.

புதன்கிழமை திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பத்தடிச் சுறா மூளையைப் பார்த்துவிட்டு, பெயிண்ட் தீர்ந்துபோச்சா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் கண்ணாடிப் பேழையில் சோம்பேறிச் சுறா, சுத்தியல் தலை, திருக்கை மூன்றின் மூளைகளும் ஜாடிகளில் வரிசையாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் எண்பத்தாறாம் ஸ்லைடு. வைக்கச் சொன்னவள் சுத்தம். சீட்டை அவர் கையாலேயே எழுத வேண்டும் என்றும் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ‘இந்தப் புள்ளிகளைச் சுறாவின் மூக்கு என்று நம்பி வந்தேன். குழாய்த் தண்ணீர். ஊற்றியவன் நான்’ என்று அவர் எழுதியிருந்தார். ஒரு மாணவி அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தாள். பேராசிரியர் பக்கத்திலேயே நின்று, “நல்லாச் சிரி, ஆனா ஞாபகம் வச்சுக்கோ” என்றார். ‘துடைத்தவள் நான்’ என்ற இரண்டு சொல்லைச் சுத்தம் அடியில் தன் பேனாவால் சேர்த்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் துறையில் சுத்தத்தின் அறைக் கதவு தட்டப்பட்டது. பேராசிரியர் நின்றார். கையில் காலிப் பாட்டில்.

“என்ன?”

“கார் கிளம்பல. எட்டே காலுக்குக் குட்டிக்கு ரயில்.” காது சிவந்தது. “கொஞ்சம் வடிச்ச தண்ணி...”

சுத்தம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து போய்க் கேனை எடுத்து வந்தாள். ஆனால் கையில் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையைக் காட்டினாள். பேனாவை நீட்டினாள்.

“எழுதுங்க சார்.”

“அடி, ரயில் போயிடும்.”

“அன்னிக்கு எழுதியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. யார், என்னைக்கு, எதுக்கு. மூணும்.”

முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்த அறையின் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பேராசிரியர் குனிந்து எழுதினார். தன் பெயரை எழுதினார். தேதியை எழுதினார். ‘எதற்கு’ என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பேட்டரிக்கு என்று எழுதப் போகிறார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். ‘மகளுக்கு’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

சுத்தம் பட்டையை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கேனை அவர் கையில் கொடுத்தாள்.

“முழுசா எடுத்துட்டுப் போ அண்ணா” என்றாள். “நிறைச்சு மட்டும் வைக்காத.”